இல்லத்தில் ஒரு வாரம்

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு விடுமுறை என்பது பெரும்பாலும் பயணத்தின் மறுபெயராகவே அமைந்துவிடுகிறது. ரயில் சீட்டு, மூட்டை முடிச்சு, உறவினர் வீட்டுத் திருமணம், திரும்பும் நாளின் அவசரம் ஆகியவற்றிலேயே ஈட்டிய விடுப்பு முழுவதும் கரைந்துபோகும். ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீட்டையோ, உண்டு உறங்கும் சத்திரமாக மட்டுமே நாம் அறிந்திருப்போம். சென்ற ஆடி மாதத்தில் கிடைத்த ஒரு வார விடுப்பை நாங்கள் எங்கும் செல்லாமல், புனே நகரின் கோந்த்வாவில் உள்ள எங்கள் வீட்டிலேயே கழித்தோம். அவ்வாரம் தந்த சிறு இன்பங்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

கோந்த்வா முன்னாளில் இரண்டு சிற்றூர்கள். ஒன்றன் பெயரோடு குர்த் என்றும், மற்றதன் பெயரோடு புத்ருக் என்றும் அடைமொழி உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த அச்சொற்களுக்குச் சிறியது, பெரியது என்பதே பொருள். 1997ஆம் ஆண்டில் இவை புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. இன்று குன்றுச் சரிவெங்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள். ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் எஞ்சிய சரிவுகள் பசுமை பூண்டுவிடும். நம் ஊர்களில் பலவும் ஐப்பசி வரை காத்திருக்கும் மழை, இங்கே ஆடியிலேயே தூறிக்கொண்டிருக்கும். அத்தூறலைப் பார்த்தவாறு கடிகாரத்தை நோக்காமல் அருந்திய காப்பி, கடைசிப் பக்கம் வரை படித்த நாளிதழ், கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்த தோசை ஆகியவை எல்லாம் முதல் இரண்டு நாள்களின் இன்பங்கள்.

மூன்றாம் நாள் சந்தையிலிருந்து கீரை வந்தது. எங்கள் மகளையும் உடன் அமர்த்திக்கொண்டோம். “இதை சாஃப் பண்ணணுமா?” என்று கேட்டாள். அவள் பேச்சில் கீரைக்கும் சாஃப், அரிசிக்கும் சாஃப், தரைக்கும் சாஃப். தமிழிலோ கீரையை ஆய்கிறோம், அரிசியைக் களைகிறோம், பருப்பைப் புடைக்கிறோம், மாவைச் சலிக்கிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம், துணியை அலசுகிறோம், வாசலைப் பெருக்குகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் கையின் அசைவு வேறு. ஆதலால் சொல்லும் வேறு. அன்று முதல் நாளுக்கு ஒரு வேலையாக அவள் கையும் பழகிற்று, நாவும் பழகிற்று.

அடுத்த வீட்டு மராத்தி அம்மையாரை மகள் காக்கூ என்று அழைப்பாள். தங்கள் மொழியில் கீரை ஆய்வதற்கு நிவடணே என்று பெயர் என்றார் அவர். பொறுக்கித் தெரிந்தெடுத்தல் என்பது அதன் பொருள். தேர்தலைக் குறிக்கும் நிவடணூக் என்னும் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. மராத்தியர் கீரையைப் போலவே வேட்பாளரையும் பொறுக்கி எடுக்கின்றனர். நாமோ கீரையைப் போலவே நூல்களையும் ஆய்கிறோம்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இதனினும் சுவையான விருந்து வேறு யாது?

பிள்ளைகள் தமிழை மறக்கின்றனரே என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். எழுத்தும் இலக்கணமும் கற்பிக்க வகுப்புகள் தேவைதான். ஆனால் ஆய்ந்த கீரையும் அரைத்த மாவும் உறையில் விலைக்கு வரும்போது, வேலையோடு அதன் சொல்லும் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. அவசரம் மிகுந்த நாள்களில் இது தவிர்க்க முடியாதது. ஓய்வுள்ள நாளிலேனும் அச்சொற்களை மீண்டும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளலாம் அன்றோ?

கும்பகோணத்தில் இருக்கும் பாட்டியோடு எங்கள் மகள் தொலைபேசியில் பேசும் பேச்சு, சாப்பிட்டாயா, படித்தாயா என்னும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுவது வழக்கம். அச்சனிக்கிழமை, “பாட்டி, நான் கீரை ஆய்ந்தேன்” என்றாள். என்ன கீரை, தண்டு முற்றலா, எப்படிச் சமைத்தீர்கள் என்று பாட்டி தொடர்ந்தார். அரை மணி நேரம் கழித்தும் பேச்சு நிற்கவில்லை.

ஊருக்குச் செல்லும் விடுமுறை நமக்கு என்றும் வேண்டும். ஆண்டில் சில நாள்களையேனும் நாம் வாழும் வீட்டுக்கும் ஒதுக்கி வைப்போம். அங்கே பிள்ளைகளோடு கூடி அமர்ந்து செய்யும் ஒரு சிறு வேலை, தொலைவில் இருக்கும் முதியவரோடு அவர்கள் பேசுவதற்கு ஒரு சொல்லைத் தரக்கூடும்.