இறக்குவானை மலையின் சின்ன உயிர்கள்



பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் பஸ்ஸில் கொடகவெலையைத் தாண்டும் எவரும் வலப்பக்கம் எழுந்து நிற்கும் இறக்குவானை மலைகளைப் பார்த்திருப்பார்கள். மத்திய மலைநாட்டின் தொடர்ச்சி என்றே பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. களு கங்கையும் வளவை கங்கையும் அரித்த பள்ளத்தாக்குகள் இவற்றைச் சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து துண்டித்துவிட்டன. குளிர்ந்த மேட்டுக்குப் பழகிய சின்ன உயிர்களால் வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்க முடியவில்லை. இங்கேயே அடைபட்டு, இங்கேயே தனி இனங்களாகிவிட்டன.

சூரியகந்தைக்கு அப்பால், சிங்கராஜ வனத்தின் கிழக்கு ஓரத்தில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மோர்னிங்சைட் காடு. 1998இல் அங்கிருந்து இரண்டு கொம்பு ஓணான் இனங்கள் அறிவியலுக்கு அறிமுகமாயின. இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இந்தக் கொம்பு ஓணான் பேரினம் கிடையாது. அந்த இரண்டில் சின்னதான 'கரு' என்ற இனத்துக்கு உடல் நீளமே 4 சென்ரிமீற்றர் அளவுதான். கொம்பு என்பது மூக்கு நுனியில் துருத்தும் ஒற்றைச் செதில். சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிக்கப் போகும் காலுக்கும் தெரியாது.

தவளைகளின் கதை இன்னும் வியப்பானது. இந்த மலையின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. பெரும்பாலானவை ஈரமண்ணில் முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதற்குக் குளம் வேண்டாம். மண்ணில் ஈரம் மட்டும் போதும்.

அந்த ஈரத்துக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. ஏலம் நடுகிறவர்கள் பெரிய மரங்களை விட்டுவைத்து, அடியில் உள்ள செடி கொடிகளை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு காடாகவே தெரியும். கீழே சருகு காய்ந்து, மண் இறுகிப்போயிருக்கும். தேயிலைக்காக ஒரு காலத்தில் மொட்டையான மலைகளின் இழப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது, இது படவில்லை. அதனாலேயே இது கொடியது.

சிங்கராஜ 1988இல் உலக மரபுரிமையானது. ஆனால் அந்த எல்லைக்கும் தோட்டத்து மலைகளுக்கும் இடையே பல இடங்களில் ஓர் ஓடைதான் வேலி. கொழுந்து பறிக்கவும் விறகு பொறுக்கவும் அந்த ஓரத்தில் தினமும் நடப்பவர்கள் லயத்து மக்கள். இந்தக் காட்டை அவர்களைவிட நெருங்கி அறிந்தவர் யார்?

இறக்குவானை, கொடகவெல வட்டாரத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களே, கரு ஓணானின் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். ஏலக்காட்டைத் துப்புரவு செய்கிறவர்களே, ஓடைக்கரைப் புதரையாவது வெட்டாமல் விடுங்கள்.