ஊர்தோறும் செல்லும் வீடும் அசையாத செய்மதியும்

அமெரிக்காவிலே, உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய தம்பதியர் பலர், வீட்டைப் பூட்டிவிட்டோ விற்றுவிட்டோ, வண்டியொன்றிற் குடியேறிவிடுகின்றனர். சமையலறை, படுக்கை, குளியலறை யாவும் அமைந்த அவ்வண்டியை ஆர்.வி. என்று சுருக்கமாக அழைப்பர். பனிக்காலத்தில் அரிசோனாப் பாலைவனம், கோடையில் வடக்கே காடும் ஏரியும் என ஊர் மாறிக்கொண்டேயிருக்கும் இவர்களுக்கும், மாலையானதும் தொலைக்காட்சி வேண்டும். நாடோடிக்கும் நாட்டு நடப்பு வேண்டுமன்றோ?

நிலத்துக் கோபுரங்களின் அலைகள் வெகுதூரம் எட்டா. ஆதலால் அவர்கள் செய்மதியை நாடுகின்றனர். பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் விடப்படும் செய்மதி, பூமி தன்னைத்தான் சுற்றும் அதே நேரத்தில் ஒரு முறை சுற்றிவருவதால், நிலத்தில் நிற்போருக்கு அசையாதது போலத் தோன்றும். இத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாமென 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆர்தர் சீ. கிளார்க், 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பிற் காலமானவர்.

செய்மதி அசையாது, வீடோ அசைகின்றது. தொல்லையும் இங்கேதான் தொடங்குகின்றது. நிலையான வீட்டிலே ஒரு முறை திருப்பிவைத்த கிண்ண அன்ரனாவைப் பின்னர் எவரும் தொடவேண்டியதில்லை. வண்டிக்காரரோ தங்குமிடந்தோறும் அதனைப் புதிதாகத் திருப்பவேண்டும். மேற்கு நெடுங்கோடு 101 பாகையிலுள்ள செய்மதி, ரெக்சாசின் தென்முனையில் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 60 பாகையில் நிற்கும். சியாற்றில் நகரிலோ 31 பாகைக்கு இறங்கிவிடும். அங்கே தென்கிழக்கில் 60 அடி மரமொன்று நின்றால், 100 அடிக்கு அப்பாலிருந்தும் செய்மதியை மறைத்துவிடும். வெயிலுக்கு மர நிழலைத் தேடும் மனிதனுக்கும் திறந்த வானத்தைத் தேடும் அன்ரனாவுக்கும் ஓயாத வழக்கு! கூரைமீதிருந்து தானே செய்மதியைத் தேடிக்கொள்ளும் விலையுயர்ந்த கருவியும் நிழலில் நின்றால் குருடே. முக்காலியில் ஏற்றி, நீண்ட கம்பியுடன் வெளிக்கு எடுத்துச்செல்லக்கூடிய எளிய அன்ரனாவே காட்டில் உதவுகின்றது. தாழப் பறக்கும் ஸ்டார்லிங்க் செய்மதிகளால் இணையத்தைப் பெற்று, அதன்வழி தொலைக்காட்சி பார்ப்போரும் இன்று உளர். மரம் அவர்களுக்கும் பகைதான்.

அன்ரனா சரியாக நின்றாலும் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு நகரத்து நிலையங்களைச் செய்மதி அந்நகரைச் சூழ்ந்த பகுதிக்கு மட்டும் குறுகிய கற்றையாக இறக்குகின்றது. வண்டி அவ்வெல்லையைக் கடந்ததும் சொந்த ஊர்ச் செய்தி மறைந்துவிடும். இதற்காகவே, வண்டிப் பதிவுப் பத்திரத்தின் பிரதியும் கையொப்பமிட்ட உறுதிமொழியும் கொடுப்போர் தொலைநகர் நிலையங்களைப் பெற அமெரிக்கச் சட்டம் இடமளித்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, 210 பகுதிகளிலும் உள்ளூர் நிலையங்களை வழங்கும் நிறுவனமே இச்சலுகையை அளிக்கலாமென விதிக்கப்பட்டது.

ஆயினும் ஒக்லஹோமாச் சமவெளியில் இளவேனிற்கால இரவொன்றில் தங்கியிருப்பவருக்கு நியூயோர்க் நிலையத்தால் என்ன பயன்? சுழற்காற்று வருமாயின், எந்த மாவட்டத்துக்கு ஆபத்தென்று அது கூறாது. போதாக்குறைக்கு, கரும்புயல் முகில் இடையில் வந்ததும் செய்மதியின் அலை தடைப்பட்டுப் படமும் உறைந்துவிடும். எச்சரிக்கை மிக வேண்டிய வேளையிலேதான் இது நிகழும். எளிதிற் கவிழக்கூடிய வண்டி புயலுக்குப் புகலிடமுமாகாது.

ஆகவே, அனுபவமுள்ளோர் பற்றரியில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியொன்றைக் கைவசம் வைத்திருப்பர். 162 மெகாஹேற்சை அண்டிய அலைகளில் அந்நாட்டு வானிலைச் சேவை இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கின்றது. எச்சரிக்கை மாவட்டப் பெயரால் வருமாதலின், வண்டியை நிறுத்தியதும் தாம் நிற்கும் மாவட்டத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, அப்பெட்டியின் அருகே ஒட்டிவைப்பர். உறுதியான கட்டடம் எது, அதன் கதவு இரவிலும் திறந்திருக்குமா என்று முகாம் காவலரிடம் கேட்டறிவர். அதன் பின்னரே அன்ரனாவைத் திருப்பத் தொடங்குவர்.