வஞ்சமும் வஞ்சினமும்

(இலக்கிய மன்றமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



நம்பியவனை வஞ்சகன் காட்டிக் கொடுக்கிறான். வீழ்ந்தவனோ அவனைச் சார்ந்தவரோ எழுந்து வந்து பழி தீர்க்கின்றனர். ஏட்டிலும் மேடையிலும் திரையிலும் இக்கதைக்குக் கூட்டம் குறைந்ததே இல்லை. குறைய வேண்டுவதும் இல்லை. தீமை வெல்வதைக் கண்டு பொறாத நெஞ்சம் மக்களுக்கு உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆனால், பழி தீர்ந்ததும் கைதட்டி எழுந்து போகிறவன் தன் வீட்டிற்கு எதை எடுத்துச் செல்கிறான்? அறச்சினத்தையா? வெறுஞ்சினத்தையா? அதுவே இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

தமிழில் வஞ்சம் வேறு, வஞ்சினம் வேறு. வஞ்சம் மறைவில் நிகழ்வது. வஞ்சினம் பலர் அறிய உரைப்பது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் மூன்றும் வஞ்சினக் காஞ்சி. பாடியோர் மூவரும் அரசர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், பகைவரை வெல்வேன் என்பதோடு நின்றானில்லை. வெல்லாவிடின் தன் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக. மாங்குடி மருதன் முதலிய புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக. இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை வந்து சேர்க என்று தன்மேலேயே ஒறுப்பை ஏற்றிக் கொள்கிறான். பூதப்பாண்டியனோ, தான் வெல்லாவிடின், அறமன்றத்தில் திறனற்றவனை அமர்த்தி முறைகெடுத்த பழி தனக்கு வருக என்கிறான். வஞ்சினம் உரைப்பவன் முதலில் கட்டுவது பகைவனை அன்று, தன்னையே!

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு சிலப்பதிகாரத்திற்குள் நுழைதல் வேண்டும். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தன் களவை மறைக்கவே, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்று காட்டிக் கொடுத்தான். ஊடல் கொண்ட தேவியைத் தேடி விரைந்த பாண்டியன், வழியில் நின்றபடியே ஆணையிட்டான். உசாவல் இல்லை, சான்று இல்லை. கோவலனைக் கண்ட காவலர் சிலர், இவன் கள்வன் அல்லன் என்று தயங்கவும் செய்தனர். பொற்கொல்லன் களவு நூற்கதைகளை அடுக்கி அவர்கள் ஐயத்தைக் கலைத்தான். கல்லாத ஒருவன் வாளோங்கினான். வஞ்சகன் ஒருவனால் மட்டும் ஓர் உயிர் போய்விடுவதில்லை. உசாவாத அரசும் ஐயத்தை விழுங்கிய காவலும் அவனுக்குத் துணையாக வேண்டும்!

இனிக் கண்ணகி செய்ததைப் பாருங்கள். அவள் நள்ளிரவில் நஞ்சு கொண்டு போகவில்லை. மறைந்திருந்து வாள் வீசவில்லை. ஊர் பார்க்க, வாயிற்காவலனிடம் சொல்லி, அரசன் அவைக்குச் சென்றாள். முதலில் வழக்கு, அடுத்துச் சான்று. தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சிலம்பு உடைந்தது, உண்மை தெறித்தது. தன் பிழையைத் தானே உணர்ந்த அரசன், தானே கள்வன் என்று தீர்ப்பளித்து அரியணையிலேயே உயிர் நீத்தான். தன்னையே ஒறுத்துக்கொள்ளும் அந்த நேர்மையால்தான், தவறிய பாண்டியனும் தமிழர் நெஞ்சில் தாழ்ந்து போகவில்லை.

அதன் பின்னரே வஞ்சின மாலை. மதுரை எரிந்தது. எனினும் அந்தத் தீக்கும் எல்லை வகுக்கப்பட்டது. பார்ப்பார், அறவோர், ஆவினம், கற்புடைப் பெண்டிர், முதியோர், குழவியர் ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கமே சேர்க என்பது கண்ணகியின் ஆணை. ஊரையே எரிக்கும் சினத்திலும் குற்றமற்றவரைப் பிரித்தறியும் கண் அவளுக்கு இருந்தது.

ஆனால் அன்பர்களே! பெருமை பேசுவோர் விரைந்து கடந்து போகும் இடமொன்று அந்நூலிலேயே உண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் உயிர்ப்பலி கொடுத்தான். நீர்ப்படைக் காதையும் உரைபெறு கட்டுரையும் இதனைக் கூறுகின்றன. பின்னர் மழை பெய்தது, நோய் நீங்கியது என்றும் கட்டுரை சொல்லும். வஞ்சித்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர்! அவர்தம் குற்றம் யாது? உலைமுன் அமர்ந்து பொன்னை உருக்கியதா? கண்ணகி அரசவையில் சான்று காட்டினாள். செழியனோ எச்சான்றும் கேட்டதாக நூலில் இல்லை. நெடுஞ்செழியன் ஓர் உயிர்க்குச் செய்த பிழையை அவன் வழியினன் ஆயிரம் உயிர்க்குச் செய்தான். இதை வீரம் என்று போற்றுதல் கண்ணகிக்கே இழுக்கு.

பழியின் தொடர்ச்சியையும் இளங்கோவடிகள் மறைத்தாரல்லர். கட்டுரை காதையில் மதுரைத் தெய்வம் சொல்லும் முற்பிறப்புக் கதையில், கோவலனே பரதன் என்னும் பெயரில் வருகிறான். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தவன் அவனே. சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அழுதலைந்து, இறுதியில் மலையேறி உயிர்விடும்போது இட்ட சாவமே கோவலன்மேல் விழுந்தது என்பது கதை. மறுபிறப்பை ஒப்பாதவரும் அதன் உட்பொருளை ஒப்புவர்: இன்று வஞ்சிக்கப்பட்டவன் நேற்று வஞ்சித்தவனாகவும் இருத்தல் கூடும்.

இவ்வுண்மை தமிழ் நிலத்திற்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா 1844 முதல் 1846 வரை தொடராக எழுதிய மாண்டி கிறித்தோ கோமகன் கதையில், பொய்க்குற்றம் சாட்டப்பட்ட எட்மண்டு என்னும் மாலுமி பதினான்கு ஆண்டு தீவுச் சிறையில் வாடுகிறான். தப்பி வந்து பகைவரை ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். ஆனால், பகைவன் ஒருவனின் சிறுமகன் நஞ்சுண்டு கிடப்பதைக் கண்டதும் அவன் நெஞ்சு நடுங்குகிறது. எல்லை கடந்துவிட்டோமோ என்று ஐயுறுகிறான். எஞ்சிய பகைவனை உயிரோடு விட்டுவிடுகிறான். பன்முறை படமாகி, 2024இலும் பிரெஞ்சுத் திரைக்கு வந்த அக்கதை நின்று நிலைப்பதற்கு அவன் வாள் மட்டும் காரணமன்று. அந்த நடுக்கமும் காரணம்.

தமிழ்த் திரையும் இந்நெறியை அறியாததன்று. 1942இல் வந்த ‘கண்ணகி’யில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா, இளங்கோவனின் உரையாடலைப் பேசி அரசவையை அதிர வைத்தார். அவரே 1954இல் ‘மனோகரா’வில் தாயாக வந்தார். பம்மல் சம்பந்தனாரின் நாடகத்திலிருந்து பிறந்த அப்படத்தில், மகனின் சினத்தைச் சங்கிலியினும் வலிதாகக் கட்டியது தாயின் சொல். உரையாடல் தீட்டிய மு. கருணாநிதியே 1964இல் ‘பூம்புகா’ரையும் திரைக்குத் தந்தார். இவற்றிலெல்லாம் பழிக்கு முன் வழக்கு உண்டு. வாளுக்கு முன் சொல் உண்டு.

இன்றைய படங்கள் பலவற்றில் அந்தச் சொல் சுருங்கிவிட்டது. கொலை நீள்கிறது, உசாவல் காணாமற் போகிறது. வஞ்சகனின் அடியாள் நூற்றுவர் மடிந்தாலும் அவர்களுக்குப் பெயருமில்லை, அழுவாருமில்லை. அவர்கள் திரையின் பொற்கொல்லர் ஆயிரவர்!

ஆகவே இளைஞர்களே! பழிக்கதை எதைப் படித்தாலும், எதைப் பார்த்தாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். சான்று காட்டப்பட்டதா? குற்றமற்றவர் விலக்கப்பட்டனரா? பழி தீர்ப்பவன் தன்னையும் முறைக்கு உட்படுத்தினானா? வாழ்க்கையிலும் இவற்றையே கேளுங்கள். ஒருவன் செய்த இரண்டகத்திற்கு அவன் குலத்தையே, ஊரையே, மொழியினரையே பழிக்கும் நாக்கு, கண்ணகியின் நாக்கு அன்று, செழியனின் வாள்.

வஞ்சம் கண்டு சினவாதவன் மரம். சினத்திற்கு எல்லை வகுக்காதவன் காட்டுத்தீ. கையில் சிலம்போடு அவை ஏறி முறை கேட்டவளே தமிழர்க்கு வழிகாட்டி!