ஒட்டுக்கேட்கும் அரசும் ஒடுங்கிப் பேசும் குடிகளும்

(வானூரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அண்டையிலுள்ள மரக்காணத்து உப்பளங்களில் தொழிலாளர் பாத்திதோறும் வரம்பு கட்டுகின்றனர். வரம்பு உடைந்து புதுநீர் புகுந்தால், விளைந்த உப்பும் கரைந்து போகும். மாந்தன் பேச்சுக்கும் அத்தகைய வரம்பு ஒன்றுண்டு. கணவனும் மனைவியும் பேசுவதும், தலைவனும் தொண்டனும் கலந்துரைப்பதும் அவ்வரம்புக்குள் நிகழ்வன. அதனை அரசே உடைக்குமாயின், கரைந்து போவது குடிமகனின் துணிவு.

வெள்ளையன் 1882-இல் உப்புச் சட்டம் செய்தான். மூன்றாண்டு கழித்து 1885-இல் தந்திச் சட்டம் செய்தான். உப்புச் சட்டத்தை எதிர்த்து 1930-இல் திருமறைக்காட்டிலே தமிழர் உப்பெடுத்துச் சிறை புகுந்தனர். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. ஆனால், குடிகளின் செய்தியை இடைமறிக்கத் தந்திச் சட்டம் வழங்கிய ஆற்றல் ஒழியவில்லை. 2023-இல் இயற்றப்பெற்ற தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலும் அது குடியேறிற்று. அவ்வாண்டின் அஞ்சலகச் சட்டம் மடல்களையும் இடைமறிக்க இடந்தருகின்றது. கணிப்பொறிகளில் உள்ளவற்றையும் ஆராயலாமெனப் பத்து அமைப்புகளுக்கு 2018 திசம்பர் 20-இலேயே நடுவண் உள்துறை ஒப்புதல் அளித்துவிட்டது.

அரசு ஒற்றாடவே கூடாதோ? அங்ஙனம் எவரும் கூறார். திருவள்ளுவப் பேராசான் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபின்னரே தெளிய வேண்டும் என்றும் அவரே வரம்பும் கட்டினார். ஒற்றனையும் ஆராய்க என்பதே தமிழறம்.

இன்றைய சட்டத்தில் அவ்வாய்வு எங்ஙனம் உள்ளது? ஆணை பிறப்பிப்பவர் நடுவணரசின் அல்லது மாநில அரசின் உள்துறைச் செயலாளர். அதனை ஆராயும் குழுவில் அமர்வோரும் செயலாளர்களே! முறைமன்ற நடுவர் ஒருவரும் அதில் இலர். நடுவர் பி. என். சிரீகிருட்டிணா தலைமையிலான வல்லுநர் குழு 2018-இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. இரு திங்களுக்கு ஒருமுறை கூடும் ஆய்வுக்குழு, ஒவ்வோர் அமர்விலும் 15,000 முதல் 18,000 ஆணைகளை ஆராய வேண்டியுள்ளது என்பதே அது. அத்தனையையும் படித்தறிய எவரால் இயலும்? அது ஆய்வன்று, வெறுங் கையொப்பம்.

முறைமன்றங்கள் வாளா இருக்கவில்லை. பொது நெருக்கடியோ பொதுமக்கள் காப்போ வேண்டாதவிடத்து ஒட்டுக்கேட்கலாகாது என்று 1996-இல் உச்ச முறைமன்றம் உரைத்தது. தனிமறைவு அடிப்படை உரிமையே என்று 2017 ஆகத்து 24-இல் ஒன்பது நடுவர் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

2025 சூலை 2-இல் சென்னை உயர் முறைமன்ற நடுவர் ஆனந்து வெங்கடேசு அளித்த தீர்ப்போ தமிழர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. கையூட்டு வழக்கொன்றில், சென்னை நிறுவனத் தலைவர் ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நடுவண் உள்துறை 2011-இல் ஆணையிட்டது. அங்கே பொது நெருக்கடியும் இல்லை. பொதுமக்கள் காப்புக்கு ஊறும் இல்லை. கேட்ட பதிவுகள் ஆய்வுக்குழுவின்முன் உரிய காலத்தில் வைக்கப்பெறவும் இல்லை. ஆதலின் அவ்வாணை செல்லாதென்று நடுவர் தள்ளினார். கையூட்டாளரைக் காப்பது தீர்ப்பின் நோக்கமன்று. பிற சான்றுகளால் வழக்கை நடத்தத் தடையில்லை. குற்றவாளியைத் தேடும் அரசும் சட்ட வரம்புக்குள் நின்றே தேட வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள்! ஆணை 2011; தீர்ப்பு 2025. பதினான்கு ஆண்டுகள்! வழக்குத் தொடுக்கப்பெற்றமையால் அவர்க்காவது உண்மை தெரிந்தது. வழக்கே தொடுக்கப்பெறாதவர்க்கு எந்நாளில் தெரியும்? ஒட்டுக்கேட்டதைப் பின்னரேனும் அறிவிக்கும் கடமை சட்டத்தில் இல்லை. வேண்டப்படாத பதிவுகளை ஆறு திங்களுக்கொருமுறை அழிக்க விதி உண்டு. பேச்சு களவு போனமைக்குத் தடமும் எஞ்சாது.

தமிழியக்கங்களுக்கு இது வெளியார் வழக்கன்று. கைப்பேசிக்குள் புகுந்து உளவறியும் இசுரேல் நாட்டுப் பெகாசசு மென்பொருள் பற்றி 2021 சூலையில் செய்தி வெடித்தது. அதற்கு இலக்காகக் கருதப்பெற்ற எண்களின் பட்டியலில் சீமான், திருமுருகன் காந்தி, கு. இராமகிருட்டிணன் ஆகியோர் எண்களும் இருந்தனவென்று 'தி வயர்' இணைய இதழ் எழுதியது. பட்டியலில் இருந்தமையாலேயே அவை ஒட்டுக்கேட்கப்பட்டன என்று துணிதல் பொருந்தாது. ஆராய்ந்தே அறிய வேண்டும். ஆனால், ஆராயப் புகுந்த குழுவுக்கு நடுவணரசு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகத்தில் உச்ச முறைமன்றமே வெளிப்படுத்திற்று. ஐயத்தைத் தீர்க்கவேண்டிய அரசு வாய்மூடினால், அச்சத்தால் குடிகளின் வாயும் மூடும்.

ஆகவே வேண்டுவன நான்கு. ஒட்டுக்கேட்பு ஆணைக்கு முறைமன்ற நடுவரின் முன்னொப்புதல் வேண்டும். உசாவல் முடிந்தபின் உரியவர்க்கு அதனை அறிவித்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஆணைகளின் தொகையை வெளியிடல் வேண்டும். தமிழன் பேச்சைக் கேட்க இடந்தரும் சட்டத்தைத் தமிழன் தன் மொழியிலேயே படித்தறியுமாறு, விதிகள் அனைத்தும் தமிழில் வரல் வேண்டும். இவ்வேண்டுகை தில்லிக்கு மட்டுமன்று; சென்னைக் கோட்டைக்கும் உரியது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது முன்னோர் மொழி. அஞ்சி அடங்கிப் பேசும் பேச்சும் உப்பில்லாப் பேச்சே. பாத்தியின் வரம்பை நாள்தோறும் பார்த்துக் காப்பவன் அளத்துத் தொழிலாளி. பேச்சின் வரம்பையும் அங்ஙனமே காக்கத் தமிழினம் எழுக!