கழுத்து வீக்கமும் எங்கள் பயமும்

(வட்டக்கச்சியில் நடைபெற்ற எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சுகாதாரத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் கூடுகின்ற இடமெல்லாம் இப்போது ஒரு பேச்சுக் கேட்கிறது: "எனக்கும் தைரொயிட் எண்டு சொல்லிப்போட்டினம்." அதற்குப் பின்னால் மெதுவாக ஒரு கேள்வியும் வரும்: "அது பிறகு கான்சராய் மாறுமோ?" அந்தக் கேள்விக்கே இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருப்பது தைரொயிட் சுரப்பி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் இந்தச் சுரப்பியையே தாக்கும்போது நாட்பட்ட அழற்சி உண்டாகிறது. இதை 1912இல் விவரித்தவர் யப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ. அவர் எழுதிய 4 நோயாளரும் பெண்கள். இன்றும் இது ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருகிறது.

இலங்கையில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின், 11 முதல் 16 வயது வரையான எங்கள் நாட்டுப் பாடசாலை மாணவிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2000இல் வெளியானது. தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அவர்களிடம் அதிகம் காணப்பட்டன. அயடீன்தான் காரணமா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஆனால் பிறபொருளெதிரி இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருளல்ல. அயடீன் குறைந்தாலோ கழலை வரும். கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். ஆகவே அயடீன் உப்பைக் கைவிட வேண்டாம்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். சத்திரசிகிச்சையில் அகற்றிய சுரப்பிகளில் அழற்சியும் புற்றுநோயும் சேர்ந்திருப்பதை 1955இல் அமெரிக்க வைத்தியர்கள் எடுத்துக்காட்டினார்கள். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. நாட்பட்ட அழற்சி கலங்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்தலாம் என்பது ஒரு விளக்கம். புற்றுநோய் தோன்றியதால்தான் வெண்குருதிக் கலங்கள் அங்கே கூடின என்பது இன்னொன்று. மூன்றாவதையும் மறக்கக்கூடாது: அழற்சி உள்ளவர்களுக்கு அடிக்கடி ஸ்கான் செய்வதால் சின்னக் கட்டிகளும் கண்ணில் படுகின்றன.

தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். சுகமாக இருந்தவர்களுக்கும் கழுத்து ஸ்கான் செய்யப் போய், 1993இல் இருந்ததைவிட 2011இல் தைரொயிட் புற்றுநோய் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு வீதமோ மாறவில்லை. இலங்கைப் பெண்களிலும் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாகப் பதிவாவது தைரொயிட் புற்றுநோய்தான். அதில் மிகப் பெரும்பாலானது மெதுவாக வளர்வது, சிகிச்சைக்கு நன்கு இணங்குவது. அழற்சியோடு சேர்ந்து வரும்போது அது பரவுவது குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், அழற்சி உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. தைரொயிட்டில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு மட்டும் அழற்சியோடு தெளிவான தொடர்பு உண்டு; அது மிக அரிது.

எங்களைக் கவலைப்படுத்துவது வேறு. கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று மகளின் கழுத்துக் கட்டியைச் சட்டைக் கழுத்தால் மறைக்கிற தாய்மார் இருக்கிறார்கள். பயத்திலோ சலிப்பிலோ தைரொக்சின் குளிசையை இடையில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் அப்படி விடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். தேநீர் அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் குடிக்கலாம். கட்டி கடினமாக இருந்தால், விரைவாக வளர்ந்தால், குரல் கரகரப்பு மாறாவிட்டால், விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டப்பட்டால், கழுத்தோரம் நெறி கட்டினால் நாள் கடத்தாமல் கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் போங்கள். தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் கலங்களை எடுத்துப் பார்ப்பார்கள்; அது சத்திரசிகிச்சை அல்ல. இடப்பெயர்வுகளில் கிளினிக் கொப்பியையும் இழந்தவர்கள் நாங்கள். இனி அதன் பிரதியொன்றைக் கைத்தொலைபேசியிலும் வைத்திருப்போம்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அக்காவிடம், தங்கச்சியிடம், மச்சாளிடம் "குளிசை போட்டனியோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.