இரு மலர்க்கூடைகள்



மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழும் இந்நன்னாளில், ஒற்றியூர்ப் பெருமான் திருமுன்பு சங்கிலியார் திருமணத்தைப் பேசுமாறு அடியேனைப் பணித்துள்ளார்கள். மணத்தைப் பலரும் விரித்துரைத்துள்ளனர். அதற்கு முன்னும் பின்னுமாக நிற்கும் ஒரு தோழமையைப் பற்றியே அடியேன் பேச விழைகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில், பரவையார் ஊடல் தணிக்கப் பெருமான் நள்ளிரவில் தூது நடந்த அருமையைச் சொல்லி முடித்தேன். கூட்டம் கலைந்தபின் முதிய அம்மையார் ஒருவர் வந்து, "பரவையம்மா வீட்டுக்குச் சாமி இரண்டு தடவை நடந்தாரே ஐயா, ஒற்றியூர்ப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டார். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். அது விடையன்று என்பது எனக்கே தெரிந்திருந்தது.

திருக்கயிலையில் உமையம்மையாரின் சேடியர் இருவர்: கமலினி, அநிந்திதை. அம்மையின் கூந்தலுக்கு மலர் கொய்வது அவர்கள் பணி. ஒரே நந்தவனத்திற்கு ஒருங்கே செல்வார்கள். அங்கே ஆலால சுந்தரரைக் கண்டார்கள். இருவர் உள்ளமும் ஒருவரிடத்தே சென்றது. அவர் உள்ளமும் இருவரிடத்தும் சென்றது. இறைவன் மூவரையும் தென்றிசையிற் பிறக்க ஏவினான். கமலினி திருவாரூரில் பரவையாராகவும், அநிந்திதை ஞாயிற்றில் சங்கிலியாராகவும் தோன்றினர். பிறவி வந்ததும் பழைய நட்பு மறந்தது. சேக்கிழார் பெருமான் அவ்விருவரையும் மண்ணுலகில் ஓரிடத்தும் சந்திக்க வைக்கவில்லை. ஒருவருக்கு மற்றவர் வெறும் பெயராகவே இருந்தார், அதுவும் நெஞ்சைச் சுடுகின்ற பெயராக.

ஆயினும் ஒன்று மறக்கவில்லை. சங்கிலியார் பெற்றோர் பேசிய மணத்தை மறுத்து, இவ்வூர்க் கன்னிமாடத்தில் தங்கி, பெருமானுக்கு மாலை தொடுத்து வந்தார். நெஞ்சம் மறந்த கயிலைப் பணியைக் கைகள் மறக்கவில்லை! அம்மாலையோடு வந்தபோதுதான் நம்பியாரூரர் அவரைக் கண்டார்.

பின்னர் நிகழ்ந்தது நீங்கள் அறிந்ததே. சந்நிதியில் சூளுறச் சம்மதித்த நம்பிகள், அவ்வேளையில் பெருமானை மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு வேண்டிக்கொண்டார். பெருமானோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழேயே சூள் கேள் என்று காட்டிக்கொடுத்தார்! தோழருக்கு இசைந்தவர் அந்தப் பெண்ணுக்கும் துணை நின்றார். வசந்த காலம் வந்தது. ஆரூர் விழாவும் பரவையாரின் ஆடல் பாடலும் நினைவில் எழ, நம்பிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கண்ணொளி மறைந்தது. தூது நடந்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். சங்கிலியார் பொருட்டுத் தம் தோழர் என்றும் பாராமல் கண்ணைப் பறித்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பரவையாரோ, செய்தி கேட்டுக் கொதித்தார். சமாதானம் பேச வந்தவர்களிடம், மேலும் வற்புறுத்தினால் உயிர் விடுவேன் என்றார். அர்ச்சகராக வந்த பெருமானையே திருப்பி அனுப்பினார். சங்கிலி என்ற பெயரைத் தளையென்னும் பொருளில் வைத்துக் கூர்மையாகச் சொன்னார். அங்கும் குற்றம் நம்பிகள்மேலேயே சுமத்தப்படுகிறது. ஒற்றியூர்ப் பெண்ணை ஏசியதாகப் புராணத்தில் நான் கண்டதில்லை. ஏசியிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டோம்.

சங்கிலியாரிடமோ ஒரு சுடுசொல்லும் இல்லை. நம்பிகள் மீண்டு வந்து அவரைக் கண்டதாகவும் சேக்கிழார் பாடவில்லை. அநிந்திதை என்பதற்குப் பழிக்கப்படாதவள் என்று பொருள். அப்பெயரோடு பிறந்தவர்க்கு வாய்த்தது தனிமை. அந்த இடத்தில் அடியேனுக்கு இன்றும் மனம் தங்கிவிடுகிறது.

பெரியபுராணத்தின் நிறைவில் வெள்ளானைச் சருக்கம் இருக்கிறது. நம்பிகள் யானைமீது கயிலை சேர்ந்ததை எல்லோரும் சொல்வோம். அங்கே சேக்கிழார் பெருமான் இவ்விரு பெண்களையும் மறவாமல் ஒருசேர நிறுத்துகிறார். பரவையார் கமலினியாகவும், சங்கிலியார் அநிந்திதையாகவும் மீண்டு, உமையம்மை கோயிலில் தத்தம் பணியில் நின்றார்கள் என்கிறார். யார் முதலில் பேசினார், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் இருவரும் கூடையெடுத்து அதே நந்தவனத்திற்குத்தான் சென்றிருப்பார்கள்.

அந்த அம்மையாருக்கு அன்று இதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவ்வூருக்குச் சென்றபோது தேடினேன், அவர் இல்லை.

மேளவோசை கேட்கிறது. பெருமான் மகிழடிக்கு எழுந்தருளுகிறார். எல்லோரும் எழுந்து வாருங்கள்.