அந்த ஊசி எனக்குச் சேரல தாயி

முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் செவிலியராக இருந்தவள் நான். இன்று செஃபலோஸ்போரின் என்ற மருந்துக் குடும்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் புதிதாக இருக்கலாம், மருந்து உங்களுக்குப் புதிதல்ல. செஃப்ட்ரையாக்சோன், செஃபோடாக்சிம் ஊசிகளும் செஃபிக்சிம், செஃபலெக்சின் மாத்திரைகளும் இந்தக் குடும்பம்தான். 1945இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், கலியாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில், ஜூசெப்பே புரோட்சு என்ற மருத்துவர் கண்டெடுத்த பூஞ்சையிலிருந்து பிறந்த மருந்து இது. நிமோனியா, டைபாய்டு, மூளைக்காய்ச்சல் என்று எத்தனையோ நோயில் உயிரைக் காப்பாற்றுகிறது.

இந்த ஊசியைப் போடும் முன் ஒரு செவிலியர் செய்ய வேண்டிய முதல் வேலை, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பது.

ஒரு மாலை நிமோனியாவோடு ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். டாக்டர் செஃப்ட்ரையாக்சோன் எழுதியிருந்தார். கேஸ் ஷீட்டில் ‘அலர்ஜி இல்லை’ என்று இருந்தது. ஆனாலும் மருந்தைக் கலக்கும் முன் கேட்டேன்: “பாட்டி, இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது மாத்திரையாவது உங்களுக்குச் சேராமப் போயிருக்கா?”

“ஆமா தாயி. கடைசிப் பையன் பொறந்தப்போ போட்ட ஊசி எனக்குச் சேரல. ஒடம்பெல்லாம் தடிச்சு, ஒதடு வீங்கி, மூச்சு முட்டிப்போச்சு. டாக்டரு ஓடி வந்தாரு.”

“அலர்ஜி இல்லன்னு சொல்லியிருக்கீங்களே?”

“சொறி சிரங்கு இருக்கான்னு கேக்குறாங்கன்னு நெனச்சேன் கண்ணு.”

அப்படியே ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அன்றைக்குப் போட்ட ஊசி என்னவென்று பாட்டிக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். அன்றிலிருந்து ‘அலர்ஜி இருக்கா’ என்று மட்டும் கேட்டு நான் நகர்ந்ததே இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கும் ‘சேராமப் போயிருக்கா, தடிச்சிருக்கா, மூச்சு முட்டியிருக்கா’ என்று மூன்றாகக் கேட்கத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பென்சிலினும் இந்த மருந்தும் பங்காளிகள் மாதிரி. பென்சிலின் சேராதவர்களில் பத்தில் ஒருவருக்கு இதுவும் சேராது என்று நாங்கள் படித்தோம். உண்மையில் அது அதைவிட மிகக் குறைவு, நூறில் இரண்டு பேர் அளவுக்குத்தான் என்று இப்போது தெரிந்திருக்கிறது. அதற்காகப் பழைய கதையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தடிப்பு மட்டுமா, மூச்சு முட்டியதா என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

“டெஸ்ட் ஊசி போட்டாச்சே சிஸ்டர், அப்புறம் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். கையில் சின்னதாகப் போட்டுப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்பதால், முழு மருந்தும் சேர்ந்துவிடும் என்று உறுதி கிடையாது. அதனால்தான் நரம்பில் போடும்போது இரண்டு முதல் நான்கு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துகிறோம், டிரிப்பில் என்றால் அரை மணி நேரம். அந்த நேரமெல்லாம் என் கண் நோயாளியின் முகத்தில் இருக்கும். உள்ளங்கை அரிக்கிறது, நாக்கு தடிக்கிறது, ‘ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்’ என்று சொன்னால் மருந்து அந்த நொடியே நிற்க வேண்டும். மூச்சு முட்டினால் உட்கார வைத்து, ரத்த அழுத்தம் இறங்கினால் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, பெரியவர்களுக்கு அட்ரினலின் அரை மில்லி தொடைச் சதையில். அந்த ஆம்பூல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் நான் இந்த ஊசியைத் தொட்டதில்லை. நேயர்களே, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஊசி போட்டதும் எழுந்து ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) டிரிப் பாட்டில் ஓடிக்கொண்டிருந்த அதே குழாயில் செஃப்ட்ரையாக்சோனைச் செலுத்தப் போனேன். மூத்த சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆர்.எல்.லில் கால்சியம் இருக்கிறது. இரண்டும் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து படியும். பச்சிளம் குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படிப் படிந்து உயிரே போயிருக்கிறது. அதனால் பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்கு நரம்பில் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கு என்றால் குழாயைச் சலைன் விட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான். அதேபோல, சதையில் போட வலி தெரியாமலிருக்க லிக்னோகெய்னில் கலக்கிய மருந்து நரம்புக்குள் போகவே கூடாது. அன்று என் கையைப் பிடித்த அந்தக் கையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கும். செஃபோபெரசோன் ஊசி போட்டால் அது முடிந்து மூன்று நாள் வரை மதுவைத் தொடக்கூடாது. வாந்தியும் படபடப்பும் வரும். மருந்து முடிந்து சில வாரம் கழித்துக்கூடக் கடுமையான வயிற்றுப்போக்கு வரலாம், வந்தால் டாக்டரிடம் போங்கள். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இது வேலை செய்யாது, கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

எந்த மருந்தாவது உங்களுக்குச் சேராமல் போயிருந்தால், அதன் பெயரையும் அன்று என்ன ஆனது என்பதையும் டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ரேஷன் கார்டோடு வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.